தீர்ப்பைத் தேடிப் படிப்போம்

(நமது அறக்கட்டளை மஹல்லாவில் நடத்திய சட்ட உதவிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





போன கூட்டத்தில் வாரிசுரிமை பற்றிப் பேசினோம். அது முடிந்ததும் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "இதெல்லாம் எந்தத் தீர்ப்பில் இருக்கிறது, எங்களுக்கும் பார்க்கக் கிடைக்குமா, அதற்கு எவ்வளவு செலவாகும்?" கிடைக்கும். செலவு எதுவும் இல்லை. கையில் ஒரு செல்போனும், ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் வீட்டில் இருந்தால் போதும். அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம். ஆனால் முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். அது தெரிந்தால்தான் மற்றவை விளங்கும்.

நமது சட்ட உதவி மேசைக்கு ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு சகோதரி வந்தார். ஊரும் பேரும் வேண்டாம். வாப்பா மவ்த்தாகி ஒன்றரை வருடம், உம்மா அதற்கு முன்பே போய்விட்டார். இரண்டு காக்காமார், இவர் ஒரே தங்கை. மீராஸ் கணக்குப்படி ஆண்மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, இவருக்கு ஒரு பங்கு, ஆக ஐந்தில் ஒன்று. சொத்து ஒரு வீடும், கடைத்தெருவில் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகளும். பாகம் பிரிக்கலாம் என்று பேச்செடுத்தபோது மூத்தவர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வாப்பா எல்லாவற்றையும் தனக்கு ஹிபா செய்துவிட்டார் என்று அதில் எழுதி, வாப்பாவின் கையெழுத்தும் இருந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது பதியப்படவில்லை.

அந்தச் சகோதரி எங்களிடம் வந்தபோது அழவில்லை, சந்தோஷமாகத்தான் வந்தார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு படத்தைக் காட்டினார். ஓர் உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பக்கம் ஒன்றைப் படம் பிடித்து, பதிவு செய்யாத ஹிபா பத்திரம் செல்லாது என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். நாங்களும் படித்தோம். நீதிமன்றம் சொன்ன வரிதானே என்று, "கவலைப்படாதீங்கம்மா, உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினோம். அவரும் போய்க் காக்காவிடம், பேச்சுவார்த்தை எல்லாம் வேண்டாம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் எங்களில் ஒருவருக்கு உறுத்தலாக இருந்தது. அந்தப் படத்தில் வழக்கின் பெயரும் இல்லை, வருடமும் இல்லை. எந்த ஊர் நீதிமன்றம் என்றுகூடத் தெரியவில்லை. உட்கார்ந்து தேடினோம். அரை மணி நேரத்தில் ஹஃபீஸா பீபி எதிர் ஷேக் ஃபரீத் என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தது. 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒரு தந்தை தம் மகன்களில் ஒருவருக்கு மட்டும் 1968இல் எழுதிக் கொடுத்த, பதிவு செய்யாத ஹிபா பத்திரம் பற்றிய வழக்கு அது. மற்ற பிள்ளைகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். பதிவில்லாததால் பத்திரம் செல்லாது என்று ஆந்திர உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. முஸ்லிம்களின் ஹிபா வாய்மொழியாகவும் செல்லும், அதை ஒரு தாளில் எழுதி வைத்ததாலேயே பதிவு கட்டாயமாகிவிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இந்த விஷயத்தில் பல உயர்நீதிமன்றங்கள் இரண்டு விதமாகச் சொல்லிவந்தன என்பதும், எந்தக் கருத்து சரி என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

ஆக அந்தச் சகோதரி நம்பி வந்த வரி, நீதிமன்றம் உண்மையில் சொன்ன வரியாகவே இருக்கலாம். ஆனால் இன்று அதற்குப் பலம் இல்லை. அதை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அந்த வீட்டுத் திண்ணையில் நாங்கள் உட்கார்ந்திருந்த நிலையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறோம். முதலில் எங்கே தேடுவது என்று பார்ப்போம்.

இலவசமாகத் தேட மூன்று நான்கு இடங்கள் இருக்கின்றன. முகவரிகளை ஆங்கிலத்தில் எழுதி மேசையில் வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தியன் கானூன். கானூன் என்ற சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008இல் தொடங்கிய தளம் இது. உச்சநீதிமன்றம், உயர்நீதிமன்றங்கள், சில தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகளையும் சட்டங்களையும் ஒரே பெட்டியில் தேடலாம். இரண்டாவது, இ-கோர்ட்ஸ் திட்டத்தின் தீர்ப்புத் தேடல் தளம். அரசுத் தளமான இதில் எந்த உயர்நீதிமன்றம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துச் சொல்லைக் கொடுத்துத் தேடலாம். மூன்றாவது, உச்சநீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர். அந்த நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு 2023 ஜனவரி முதல் இதில் இலவசம். அந்த ஆண்டிலிருந்தே சில தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பையும் வெளியிடுகிறார்கள். எல்லாத் தீர்ப்பும் தமிழில் இருக்காது. உங்களுக்கு வேண்டியது இருந்தால் அதிர்ஷ்டம். ஆங்கில மூலம்தான் சட்டப்படி எடுபடும், தமிழ் புரிந்துகொள்வதற்காகத் தருவது. இவை தவிர சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் தனித் தளம் உண்டு. சென்னை, மதுரை இரண்டு இடத்து வழக்குகளையும் அதில் பார்க்கலாம். மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் திறந்தது. அதற்கு முன்பு தென்மாவட்ட வழக்குகளும் சென்னையில்தான் நடந்தன. பழைய தீர்ப்பு தேடும்போது மதுரை என்று மட்டும் போட்டுவிட்டு "ஒன்றும் இல்லையே" என்று மூடிவிடாதீர்கள்.

நம் வீட்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது வேறு விஷயம். அதற்கு இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற செயலி இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் எண் உண்டு. வக்கீலிடம் கேட்டு அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன உத்தரவு என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எண் தெரியாவிட்டால் பெயரைக் கொடுத்தும் தேடலாம்.

பெயரைக் கொடுத்துத் தேடலாம் என்று சொன்னதும் இரண்டு மூன்று பேர் சிரிக்கிறீர்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. பக்கத்து வீட்டுத் தலாக் வழக்கும் எதிர்வீட்டுக் கடன் வழக்கும் அதில் கிடைக்கத்தான் செய்யும். பிறர் குறையைத் துருவித் துருவிப் பார்ப்பதற்கு மார்க்கத்தில் என்ன இடம் என்று நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. தன் தேவைக்குத் தேடுங்கள், அத்தோடு மூடிவிடுங்கள். கண்ணில் பட்டதை மஹல்லா குரூப்பில் போடாதீர்கள்.

சரி, தேடுவது எப்படி? இதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். "என் அண்ணன் எனக்குப் பங்கு தரவில்லை" என்று எழுதினால் அந்த இயந்திரத்துக்கு ஒன்றும் புரியாது. நீதிபதி அந்த விஷயத்தை எந்தச் சொல்லால் எழுதுவாரோ அந்தச் சொல்லைப் பிடிக்க வேண்டும். ஹிபா, வாய்மொழிக் கொடை, சுவாதீனம் ஒப்படைத்தல் இவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று மேசையில் ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமானால் அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.

எழுத்துக்கூட்டு நமக்கென்றே வந்த தொல்லை. நம் சொற்கள் அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள். காஜி என்பதைக் 'கே' போட்டும் எழுதுவார்கள், 'கியூ' போட்டும் எழுதுவார்கள். வக்ஃப் என்பதிலும் அதே கதை. 1995ஆம் ஆண்டுச் சட்டமே முதலில் 'கே' எழுத்தோடு வந்து, 2013 திருத்தத்துக்குப் பிறகுதான் 'கியூ' எழுத்துக்கு மாறியது. வெள்ளைக்காரன் காலத் தீர்ப்புகளில் முஸ்லிம் என்றே இருக்காது. முகமதியர் என்பதை மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு எழுத்துக்கூட்டில் தேடிக் கிடைக்காவிட்டால் மற்றதிலும் தேடிப் பாருங்கள்.

சட்டப் பிரிவு எண்ணும் மாறியிருக்கிறது. ஜீவனாம்சத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எத்தனை வருடமாகக் கேட்டிருப்போம்! 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது, அதில் அதே விஷயம் 144ஆம் பிரிவு. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு 2024 ஜூலை 10இல் வந்தது. தெலங்கானாவிலிருந்து போன வழக்கு. அதில் பழைய எண்தான் இருக்கும். இனி வரும் தீர்ப்புகளில் புது எண் இருக்கும். இரண்டையும் போட்டுத் தேடினால்தான் முழுதாகக் கிடைக்கும்.

தீர்ப்பு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். முதலில் தலைப்பகுதியைப் பாருங்கள். எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள், என்ன தேதி? உச்சநீதிமன்றம் சட்டம் பற்றிச் சொன்னது நாடு முழுக்க எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அரசியல் சாசனத்தின் 141ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதைத் தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும். கேரளத்திலோ அலகாபாத்திலோ சொன்னதை இங்கே எடுத்துக் காட்டலாம், நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

மாநிலம் ஏன் முக்கியம் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வந்தபோது விவசாய நிலம் அதில் சேரவில்லை. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து விவசாய நிலத்தையும் சேர்த்துவிட்டது. அதனால் நம் ஊரில் வயலிலும் தோப்பிலும் பெண்மக்களுக்கு ஷரீஅத்படி பங்கு உண்டு. உத்தரப் பிரதேசத்தில் விவசாய நிலத்தின் வாரிசுமுறையை அந்த மாநில நிலச் சட்டமே சொல்கிறது. அங்கிருந்து வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி, வயலில் பெண்பிள்ளைக்குப் பங்கில்லை என்று இங்கே யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எங்கள் மேசைக்கே அப்படி ஒருவர் வந்திருக்கிறார்.

அடுத்து, கையில் இருப்பது இறுதித் தீர்ப்பா இடைக்கால உத்தரவா என்று பாருங்கள். காஜிகள் கொடுக்கும் தலாக் சான்றிதழ் பற்றி 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பதர் சயீத் அவர்கள் தொடுத்த வழக்கு. காஜியின் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, நீதிமன்றங்களும் அதிகாரிகளும் அதைச் சட்டப்படியான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னார்கள். 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டத்திலேயே காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று நாலாவது பிரிவில் இருக்கிறது, அதைக் காட்டித்தான் சொன்னார்கள். ஆனால் அது வழக்கு முடியும் வரைக்குமான இடைக்கால உத்தரவு. இப்படிப்பட்ட உத்தரவைப் படித்தால், அதற்குப் பிறகு அந்த வழக்கில் என்ன நடந்தது என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

பிறகு, நாங்கள் செய்யத் தவறிய அந்த வேலை. இந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா? இந்தியன் கானூனில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் அதை மேற்கோள் காட்டிய பிற்காலத் தீர்ப்புகளின் பட்டியல் உண்டு. அதைத் தட்டி, புதியவை முதலில் வருமாறு அடுக்கிப் பாருங்கள். உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். இருந்தாலும் அந்தப் பட்டியல் கணினி தயாரிப்பது, ஒன்றிரண்டு விடுபடலாம். அதனால் வழக்கின் இரு தரப்புப் பெயரையும் போட்டு உச்சநீதிமன்றத்தில் தனியாக ஒரு முறை தேடுங்கள். சொத்து வழக்கு ஓ.எஸ். என்று கீழ்க்கோர்ட்டில் தொடங்கி, ஏ.எஸ். என்று முதல் மேல்முறையீடாகி, எஸ்.ஏ. என்று உயர்நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடாக வரும். ஒரே குடும்பத்தின் சண்டை மூன்று எண்ணில் இருக்கும். நடுவில் உள்ளதைப் படித்துவிட்டு முடிவு அதுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

தீர்ப்பை முழுதாகப் படிப்பதும் முக்கியம். அதில் முதலில் வாதி தரப்பு சொன்னதை எழுதுவார்கள், பிறகு பிரதிவாதி சொன்னது, கீழ்க்கோர்ட் சொன்னது, பழைய தீர்ப்புகள் சொன்னது எல்லாம் வரும். நீதிபதி சொன்னது கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். நடுவிலிருந்து ஒரு வரியை வெட்டிப் படம் எடுத்தால், தோற்றுப்போன வக்கீலின் வாதம்கூட நீதிமன்றம் சொன்னது போலவே தெரியும்.

இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். "வாப்பா, இந்த விஷயத்துக்கு அஞ்சு தீர்ப்பு சொல்லியிருக்கு" என்று கொண்டுவந்து காட்டுவார்கள். அது இல்லாத வழக்கையும் பெயர், வருடம், எண்ணோடு ஜோடித்துச் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அதை நம்பி, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்து, ஐயாயிரம் டாலர் அபராதம் வாங்கினார்கள். படித்த வக்கீலுக்கே அந்த நிலை. அது சொல்லும் வழக்கை நாம் முன்பு சொன்ன தளங்களில் தேடி, முழுத் தீர்ப்பும் கண்ணில் பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரியின் விஷயத்துக்கு வருவோம். ஹஃபீஸா பீபி தீர்ப்பைப் பார்த்ததும் எங்களுக்குக் கைகால் விழுந்தாற்போல் ஆனது உண்மை. ஆனால் அதை முழுதாகப் படித்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. பதிவு வேண்டாம் என்று சொன்ன அதே தீர்ப்பு, ஹிபா செல்ல மூன்று விஷயம் வேண்டும் என்றும் சொல்கிறது. கொடுப்பவர் கொடுத்தேன் என்று அறிவிக்க வேண்டும், வாங்குபவர் ஏற்க வேண்டும், சுவாதீனத்தை ஒப்படைக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் பல வழக்குகள் நிற்பதும் விழுவதும். 1966இல் மக்பூல் ஆலம் கான் எதிர் கதீஜா என்ற வழக்கில் உச்சநீதிமன்றம், வாயால் சொன்னால் மட்டும் போதாது, சுவாதீனம் கைமாற வேண்டும் என்று அன்றே சொல்லியிருக்கிறது.

உடனே சகோதரியிடம் கேட்டோம். "கடை வாடகையை யார் வாங்கினாங்க?" "வாப்பாதான், மவ்த்தாகிற மாசம் வரைக்கும்." "ரசீது?" "வாப்பா கையெழுத்துப் போட்ட ரசீதுப் புத்தகம் எங்க வீட்டிலதான் கிடக்கு." வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் வாப்பா பெயரில். தாளில் இருந்த தேதியோ மவ்த்தாவதற்கு நாலு வருடம் முன்பு.

வீட்டின் கதை வேறு. மூத்தவர் வாப்பாவோடு அதே வீட்டில்தான் இருந்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டில் இருந்தால் கொடுப்பவர் வெளியேறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. அதனால் வீட்டில் அவர் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். அதையும் சகோதரியிடம் மறைக்காமல் சொன்னோம். பிடிக்காத தீர்ப்பைப் படிக்காமல் விட்டால், அதை எதிர்த்தரப்பு வக்கீல் படித்துவிட்டு வருவார்.

இந்தத் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. கட்டணம் இல்லாமல் பேச 15100 என்ற எண்ணும் உண்டு. அங்கே அமைந்த வக்கீல் அம்மா, நாங்கள் எடுத்துப்போன இரண்டு தீர்ப்பையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சிட்டுத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். பிறகு நாங்கள் யோசிக்காத நாலு கேள்வி கேட்டார். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், காக்கா வருமான வரியில் அந்த வாடகையைக் காட்டினாரா என்றெல்லாம். தேடிப் படிப்பது வக்கீலுக்குப் பதிலாக இல்லை. அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது, என்ன காகிதம் கொண்டுபோவது என்று நமக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். இணையத்தில் எடுக்கும் பிரதி படிப்பதற்கு. நம் சொந்த வழக்கின் தீர்ப்பை மேல்முறையீட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால், நீதிமன்றத்தில் மனுப் போட்டு முத்திரையோடு சான்றிட்ட நகல்தான் வாங்க வேண்டும்.

வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதனால் முடிவு பற்றி இங்கே பேசுவது முறையல்ல. கடைகளை மட்டும் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளலாமா என்று இளைய காக்கா போன மாதம் தங்கை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். துஆ செய்யுங்கள்.

ஞாயிறு அஸருக்குப் பிறகு மேசை வழக்கம்போல் இருக்கும். வருபவர்கள் வழக்கு எண் எழுதிய தாள், பத்திரத்தின் நகல், வரி ரசீது இவற்றைக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப் படத்தையும் கொண்டுவரலாம். அது எந்த வழக்கு, இன்னும் நிற்கிறதா என்று சேர்ந்தே தேடிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் உதவிக்கு வந்தால் நல்லது, பெண்பிள்ளைகளும் வரலாம், அவர்களுக்குத் தனி மேசை போட்டுத் தருகிறோம்.

வஸ்ஸலாம்.